கறுப்புக் காரில் உப்புப் புள்ளிகள்

மே 3, வியாழன், 1962

காலையிலிருந்தே புழுக்கம். விழுப்புரத்தில் காற்று என்று ஒன்று உண்டென்பதே மறந்துபோயிற்று. கிளினிக்கில் கூட்டம் இல்லை. வெயிலுக்குப் பயந்து நோயாளிகள் வீட்டிலேயே நோயோடு இருக்கிறார்கள் போல.

பத்தரைக்கு கார் எடுத்துக்கொண்டு கோலியனூர் தாண்டி ஒரு வீட்டுக்கு. ஏழுமலை என்கிற ஆள் நேற்றே வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். சொந்த நிலம், பம்பு செட்டு, மல்லாட்டைக் கடலைப் பயிர். பெண்டாட்டி அஞ்சலை. இருபத்திரண்டு வயது. எட்டாம் மாதம் முடியப்போகிறது. முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து அன்றே போய்விட்டது. இப்போது கால் வீக்கம், முகம் ஊதல், பி.பி. 160/100. சிறுநீர் ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டேன்.

எது கேட்டாலும் சிரிக்கிற பெண். தலை வலிக்குதா? சிரிப்பு. கண்ணு மங்குதா? சிரிப்பு, அப்புறம் "லேசா". மாமியார் பட்டம்மாள் கதவோரம் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

வெளியே வந்து காரைப் பார்த்தேன். நான் உள்ளே இருந்த நேரத்தில் ஏழுமலை குடம் குடமாகப் பம்பு செட்டுத் தண்ணீர் கொண்டுவந்து காரைக் கழுவியிருக்கிறான். "ஒரே மண்ணா இருந்துச்சுங்க டாக்டரம்மா, மனசு கேக்கல." உச்சி வெயில். கார் தகரம் அடுப்புக்கல்லாய்க் கொதிக்கிறது. துடைக்கவும் இல்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அத்தனையும் அப்படியே சுண்டி, கறுப்புக் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாய் வட்டம். பானெட், கூரை, கதவு, ஒன்று பாக்கி இல்லை. மிளகு அளவு, சில இடத்தில் துவரை அளவு.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "ஏம்பா, காருக்கு அம்மை போட வெச்சிட்டியே!" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். முகம் செத்துவிட்டது. அந்தத் தெருவிலேயே நாலு வீடு தள்ளி வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. போகும்போது பார்த்தேன், திரும்பும்போது மறந்தேன். கோடை வந்தால் இந்தப் பக்கம் அந்தப் பேரையே யாரும் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கா என்பார்கள், அதையும் மெதுவாக.

ஒரு பை மல்லாட்டை கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டெஸ்ட். ட்யூபில் சிறுநீரைக் கொதிக்க வைத்தேன், வெள்ளையாகத் திரண்டது. அசிட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன். வெறும் உப்பாக இருந்தால் அந்த வெள்ளை கரைந்துவிடும். கரையவில்லை. ஆல்புமின், சிறுநீரில் புரதம் போகிறது. நாளைக்கே கிளினிக்கில் சேர்த்தாக வேண்டும். ஜன்னி கண்டு வலிப்பு வந்துவிட்டால் தாய், பிள்ளை இரண்டுமே கையைவிட்டுப் போகும்.

மே 4, வெள்ளி

கத்திரி ஆரம்பம். பால் திரிந்துவிட்டது. காப்பி இல்லை.

அஞ்சலையை ஏற்றிவர எட்டுக்கே போனேன். அவள் துணிமூட்டை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தாள். பட்டம்மாள் வாசல்படியில் நின்றுகொண்டு நகரவில்லை.

"ஆத்தா வந்திருக்கற வண்டிம்மா இது. புள்ளத்தாச்சிய இதுல ஏத்த மாட்டேன்."

"அது உப்புத் தண்ணிக் கறையம்மா."

"நீதான சொன்னே?"

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"ஆத்தா பேருல வெளையாடுவாங்களா?"

 பி.பி., வீக்கம், ஜன்னி எல்லாம் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான்தான் ஏதோ சங்கடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி.

"சரி. கறை போயிட்டா ஏத்துவீங்களா?"

"எறங்கட்டும். எறங்கினா பாக்கலாம்."

அம்மை இறங்குவதற்குச் சொல்கிற அதே வார்த்தை. கார் ஓட்டிக்கொண்டு வரும்போது தனியாக உட்கார்ந்து கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. என்னைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவில் நிஜமாகவே வைசூரி இருக்கிறது. கர்ப்பிணிக்கு அது வந்தால் பிழைப்பது கஷ்டம். அந்த அம்மா சொல்லும் காரணம் அபத்தம், பயம் அபத்தமில்லை. நல்லவேளை, அஞ்சலை கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. போன மாதம் ஊசிக்காரர் வந்து தெருவுக்கே மறுபடி குத்தியும் போயிருக்கிறார்.

மதியம் காரை வேப்பமரத்து நிழலில் விட்டு, தகரம் ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு அதே அசிட்டிக் ஆசிட் பாட்டில். தண்ணீரில் நன்றாகக் கலந்து, பஞ்சில் நனைத்து, ஒரு வட்டத்தின் மேல் வைத்து எடுத்தேன். போயே போய்விட்டது! நேற்று ட்யூபில் அசைய மறுத்த வெள்ளை, இங்கே தொட்டதும் கரைகிறது. ஒரே பாட்டில்தான்.

பானெட்டில் பாதி முடித்தேன். கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே. ஊசிக்கு வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றித் துடைத்தேன். கம்பவுண்டர் கோதண்டம் பார்த்துவிட்டு, "காருக்கு இன்ஜெக்‌ஷனா அம்மா?" என்றார். பேசாமல் போங்கள் என்றேன்.

மே 5, சனி

காய்ந்த பிறகு பார்த்தால் உப்பு போயிருக்கிறது, தடம் போகவில்லை. வெள்ளைக்குப் பதில் மங்கலான வளையங்கள். வெயிலில் சுண்டியபோது பெயிண்டையே கடித்திருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் அம்மை ஆறிய முகம் மாதிரியே இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

வேறு வண்டி பார்த்தேன்:
டாக்ஸி ஸ்டாண்டு: "எந்தத் தெரு? வேப்பில கட்டியிருக்கற தெருவா? வேணாங்க."
ஜட்கா: அதே பதில், கொஞ்சம் மரியாதையாக.
மாட்டு வண்டி: நானே வேண்டாம் என்றேன். அந்தக் குண்டு குழியில் குலுங்கினால் வழியிலேயே ஜன்னி வரலாம்.

நான் ஓ.பி.யில் இருந்தபோது கோதண்டம் உதவி செய்கிறேன் பேர்வழி என்று சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து, பின் கதவைப் பாத்திரம் தேய்ப்பது போல் தேய்த்திருக்கிறார். கதவு நிறையக் கீறல். "வெங்கலப் பானையில எப்பிடி ஜொலிக்கும் தெரியுமாம்மா?" கார் வெங்கலப் பானையா ஐயா? கத்தினேன். பாவம், ஐம்பது வயது மனிதர். கண் கலங்கிவிட்டது. இருவருக்கும் டீ சொன்னேன்.

மாலை பஸ்ஸில் கோலியனூர், அங்கிருந்து நடை. செருப்பு வார் அறுந்தது. அஞ்சலைக்கு 170/110. தூக்க மாத்திரை கொடுத்தேன். உப்பில்லாத கஞ்சி. இருட்டு அறை, பேச்சு சத்தம் கூடாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, எனக்கு வர்றதுக்கு இஷ்டம்தான். அத்தை மனசு நோவக் கூடாது" என்றாள். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

புறப்படும்போது பட்டம்மாள், நாலு பேருக்குக் கேட்காத குரலில்: "வண்டிக்கு இன்னும் எறங்கலயா?"

"இறங்கிக்கினே இருக்கு" என்றேன். அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மே 6, ஞாயிறு

திண்டிவனம். அக்கா வீடு. மாமாவிடம் பெயிண்ட் தடத்தைத் தேய்த்து எடுக்கிற ரப்பிங் காம்பவுண்டு இருக்கிறது. அவருக்குக் காரே குலதெய்வம்.

டிரங்க் ரோடில் எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன், பொம்பளை ஓட்டுகிறாள் என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்து, புளியமரத்தில் மோதப் பார்த்தான். வழக்கம்தான்.

மாமா காரைச் சுற்றி வந்தார். உச்சுக் கொட்டினார். நான் நோயாளியைச் சுற்றி வருவதும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

"வெயில்ல கழுவக் கூடாது. கழுவினா காய விடக் கூடாது. உப்புத் தண்ணின்னா கிட்டவே சேக்கக் கூடாது. இது தெரியாம என்ன டாக்டரும்மா நீ?"

"கழுவினது நான் இல்ல மாமா."

"உன் கார்தானே?"

சரி. ஷெட்டு நிழலில் நிறுத்தி, ஈரத் துணியால் தூசி எடுத்து, பழைய பனியன் துணியில் கொஞ்சம் காம்பவுண்டு தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக. அழுத்தக் கூடாது. ஒரு கை அகலம் முடித்து, துடைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்தது. கூரை அவர், பானெட் நான். கோதண்டத்தின் கீறல் பாதிதான் போயிற்று. கடைசியில் மெழுகு பாலிஷ். தோள்பட்டை விட்டுப்போகிறது.

அக்கா வந்து நின்று பார்த்தாள். "காருக்கு இவ்ளோ பண்றே. உன் மூஞ்சிக்கு ஒரு பவுடர் போட்டுக்கறியாடி?" சாப்பாட்டில் மறுபடி கல்யாணப் பேச்சு. செஞ்சியில் ஒரு எஞ்சினீயராம். பெண்டாட்டி இறந்து ஒரு வருஷமாம். எதில் இறந்தாள் என்று கேட்டேன். "இதையெல்லாமா கேப்பாங்க?" என்று அக்கா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள். பிரசவத்தில் என்று மாமா சொன்னார்.

மூன்று மணிக்குக் கார் கண்ணாடியாகிவிட்டது. என் முகம் பானெட்டில் தெரிந்தது. பவுடர் போட்டிருக்கலாம்தான்.

சந்தோஷமாக இருந்தது, எழுதிவைக்கிறேன். இவ்வளவு சந்தோஷம் ஒரு டாக்டருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தகரத்தின் மேல் வரலாமா என்று யோசித்தேன். கோலியனூருக்கு இன்றே போக நினைத்தேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றி வருவதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்பமாட்டார்கள். நாளை.

மே 7, திங்கள்

ஏழு மணிக்கே போய்விட்டேன். தெரு முனையிலேயே பிள்ளைகள் காரில் முகம் பார்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஏழுமலை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எம்மா, பாரும்மா. சுத்தமா எறங்கிடுச்சு!"

பட்டம்மாள் வந்தார். காரைச் சுற்றவில்லை, தொடவில்லை. பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு படியில் குந்திவிட்டார்.

"எம் பொண்ணு போன வண்டியும் இப்பிடித்தாம்மா பளபளன்னு இருந்துச்சு."

இப்படி ஒரு பெண் இருந்தது எனக்குத் தெரியாது. ஏழுமலைக்கு மூத்தவளாம். தலைப் பிரசவம். மில்லுக்காரர் வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை.

"போம்போது குந்திகினு போனா. கைய ஆட்டிகினு போனா. வரும்போது பாயில சுருட்டி மாட்டு வண்டியில கொணாந்து போட்டாங்க. செத்த பொணத்துக்குக் கார் தரமாட்டாங்களாம்."

ஏழுமலை, "எம்மா, அத ஏன் இப்போ" என்றான். "நீ இரு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கறையும் இல்லை, ஆத்தாவும் இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதை நானே என் வாயால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு அந்தச் சாக்கையே மூன்று நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, ஏம்மா பயப்படறீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவ திரும்பி வரும்போது குந்திகினு வருவாளா? சொல்லு. அடிச்சு சொல்லு."

சொல்லியிருக்கலாம். எல்லா டாக்டரும் சொல்வதுதான். வாய் வரை வந்தது.

"தெரியாதும்மா. இங்கயே இருந்தா பிழைக்க மாட்டா. அது நிச்சயம். அங்க வந்தா பிழைக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஏழுமலை என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். பட்டம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த டாக்டரு கையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. ஒண்ணும் ஆவாதுன்னாரு." எழுந்தார். "ஏழுமல, அவள இட்டுகினு வா. ஜல்தியா. நானும் வர்றேன், முன்னாடி குந்திக்கறேன்."

பத்து மணிக்கு கிளினிக்கில் படுக்கவைத்தாயிற்று. 180/120. கண் முன்னால் பொறி பறக்கிறதாம். ஊசி போட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கோதண்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்.

மே 8, செவ்வாய்

விடியும்போது ஜன்னி. கோதண்டமும் நானும் பிடித்துக்கொண்டோம். நாக்கு கடிபடாமல் துணி. ஊசி. மறுபடி ஒரு தடவை வந்தது, முதலதைவிடச் சின்னது. அதற்குள் வலியும் கண்டுவிட்டது. இடுக்கி போட்டுப் பிள்ளையை எடுத்தேன்.

ஆண். நல்ல வளர்ச்சி, தலை நிறைய முடி. இதயத் துடிப்பு இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். இல்லை.

அஞ்சலைக்கு ரத்தப்போக்கு நின்றது. மூச்சு சீர். பி.பி. மதியத்துக்கு மேல் இறங்க ஆரம்பித்தது.

வராந்தாவில் பட்டம்மாள். சொன்னேன். பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவ?"

"இருக்கா."

"கண்ணத் தொறந்தாளா?"

"இன்னும் இல்ல. தொறப்பா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு அஞ்சலை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோதண்டம் வெளியே யாரிடமோ, "அம்மா ஸ்டாக் எடுக்கறாங்க, அப்பறம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 9, புதன்

ஓ.பி. கூட்டம். ஒரு குழந்தைக்குக் காதில் பயறு. இரண்டு வயிற்றுப்போக்கு. ஐஸ் வாங்க வேண்டும். அசிட்டிக் ஆசிட் தீர்ந்துவிட்டது, எழுதிப்போட வேண்டும்.

வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? தெரியாது. பிழைத்திருக்கலாம். தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இன்றைக்கு அது நடக்கவில்லை. காலையிலிருந்து நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

மே 13, ஞாயிறு

அக்கா கடிதம். செஞ்சி எஞ்சினீயர் என் போட்டோ கேட்கிறாராம். பதில் போடவில்லை.

அஞ்சலை 130/90. வீக்கம் வடிகிறது. முதுகுக்குத் தலையணை வைத்தால் கொஞ்ச நேரம் உட்கார முடிகிறது, பிறகு தலை சுற்றுகிறது. மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. துணியால் இறுகக் கட்டிவிட்டேன். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள், சத்தமில்லாமல். பட்டம்மாள் தலையைத் தடவிக்கொண்டே, "அழு, அழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிரசவக்காரியின் குழந்தை அழுதால் அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அந்தக் கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னேன். முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

மே 20, ஞாயிறு

காலையில் லேசாக மேகம். மழை இல்லை.

அஞ்சலை வீட்டுக்கு. ஏழுமலை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். பட்டம்மாள் அதைப் பார்த்ததும், "அதுல வேணாம், திருப்பிகினு போ" என்றார். என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நானே கார்க் கதவைத் திறந்தேன்.

அஞ்சலை பின் சீட்டில். தலையணை வைக்கட்டுமா, சாய்ந்துகொள்கிறாயா என்று கேட்டேன். "வாணாம் டாக்டரம்மா, குந்துவேன்" என்றாள். மடியில் வெறும் கை. துணிமூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பட்டம்மாள் முன்னால், என் பக்கத்தில்.

கிளம்பியதும் அந்த அம்மா சீட்டில் முழங்காலை மடித்து, முதுகை ரோட்டுக்குக் காட்டி, அப்படியே பின்பக்கம் திரும்பிக்கொண்டார். "நேரா உட்காருங்கம்மா, பிரேக் போட்டா விழுந்துடுவீங்க" என்றேன். காதிலேயே விழவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அஞ்சலை உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பிரேக் போடாமல் மெதுவாகவே ஓட்டினேன்.